“முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது”: குடியிருப்போர் சங்கம் இப்படித் தடுக்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னைப் புறநகரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. இப்போது மகளோடு ஓசூரில் இருப்பதால் அதை வாடகைக்கு விடுகிறேன். போன மாதம் ஒரு முஸ்லிம் குடும்பம் வந்து பார்த்தது. அவர் வங்கி ஊழியர், மனைவி மருந்தாளுநர், கூடவே வயதான தாயாரும் இரண்டு பிள்ளைகளும். எனக்குப் பிடித்துப்போய் 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். மறுநாளே சங்கச் செயலாளர் போன் செய்து, “இங்கே அவர்களுக்கு விடுவதில்லை என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம், என்ஓசி (தடையில்லாச் சான்று) தரமாட்டோம்” என்றார். அசைவ வாடை, பக்ரீத் ஆடு, வீட்டு மதிப்பு குறையும் என்று காரணங்கள் வேறு. இதற்கு முன் குடியிருந்தவர்கள் ஞாயிறு தவறாமல் கறியும் மீனும் சமைத்தவர்கள்தான், அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. மீறி விட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்கிறார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மதத்தையே கேவலமாகப் பேசி ஒருவர் குரல் பதிவும் போட்டிருக்கிறார். சங்கத்துக்கு இந்த அதிகாரம் உண்டா? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா?

பதில்: அம்மா, சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. அக்ரிமென்ட் போடுங்கள், சாவியைக் கொடுங்கள். என்ஓசி என்று ஒரு காகிதம் இல்லாததால் உங்கள் வாடகை ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. வீடு முழுக்க உங்களுடையது, நிலத்தில் பிரிபடாத பங்கும் உங்களுடையது. தான் குடியிருப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது எல்லாமே உரிமையாளரின் உரிமைகள். அரசாங்கமே ஒருவரின் சொத்துரிமையைச் சட்டத்தின் துணையில்லாமல் பறிக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு. சங்கம் என்பது லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், வாட்ச்மேன் சம்பளம், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட அமைப்பு. வண்டி எங்கே நிறுத்துவது, குப்பையை எப்போது வெளியே வைப்பது, சாமான் ஏற்றி இறக்க எந்த நேரம் என்றெல்லாம் அது விதி போடலாம். உங்கள் வாசலுக்கு உள்ளே யார் குடியிருப்பது என்று முடிவு செய்ய அதற்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

செயலாளருக்கு யாராவது வக்கீல் யோசனை சொல்லியிருந்தால், 2005ஆம் ஆண்டின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கைத்தான் எடுத்து வைப்பார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அகமதாபாத்தில் ஜொராஸ்ட்ரிய மதத்தவரான பார்சிகள் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைத்து நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று அதன் துணைவிதி சொன்னது. ஓர் உறுப்பினர் பார்சி அல்லாத கட்டுமானக்காரருக்கு விற்கப் போனார், சங்கம் தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சங்கத்தின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்ற கட்டளை அரசைத்தான் கட்டுப்படுத்தும், அந்தத் துணைவிதியைத் தெரிந்தே ஏற்றுச் சேர்ந்தவர் பிறகு அதை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானது அல்ல. ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று கதவடைக்கும் குடியிருப்புகளுக்கு அது சட்ட மறைப்பாகிவிட்டது. ஆனாலும் அது இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம், இல்லாத மாதிரி நடிக்க முடியாது.

நல்லவேளை, உங்கள் விஷயம் அதில் அடங்காது. அங்கே சங்கத்தின் நிலம், உறுப்பினராகும்போதே இருந்த துணைவிதி, கூட்டுறவுச் சட்டம். இங்கே நீங்கள் பில்டரிடம் நேரடியாகக் கிரயம் வாங்கியிருப்பீர்கள். சங்கம் அதற்குப் பிறகு வந்திருக்கும். இரண்டு காகிதங்களை மட்டும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்: உங்கள் கிரயப் பத்திரம், சங்கத்தின் பதிவு செய்யப்பட்ட துணைவிதி. இரண்டிலும் மதம் பற்றி ஒரு வரிகூட இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அப்புறம், “கமிட்டியில் முடிவு செய்தோம்” என்கிறார்கள். கமிட்டி முடிவு துணைவிதி ஆகாது. உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், துணைவிதியைத் திருத்த முறையாக நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், பதிவாளரிடம் அதைப் பதிய வேண்டும். நாலு பேர் மொட்டை மாடியில் நின்று பேசிவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டது எதுவும் இதில் சேராது. அப்படியே முறைப்படி திருத்தினாலும், சொத்து வாங்கி எத்தனையோ வருடம் கழித்து ஒருவரின் உரிமையைப் பெரும்பான்மை வாக்கால் பறிப்பது நீதிமன்றத்தில் நிற்காது என்பது என் கருத்து.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இதே கடிதத்தை நீங்கள் எழுதாமல் அந்த வங்கி ஊழியர் எழுதியிருந்தால், அதாவது வீட்டுக்காரரே “உங்கள் ஆட்களுக்குக் கிடையாது” என்று மறுத்திருந்தால், என்னால் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஒரு பகுதியில் வீடு பிடித்துக் குடியிருப்பதைத் தடுத்தால் அது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். மதத்தின் பெயரால் தனியார் ஒருவர் வாடகை வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. முஸ்லிம்களுக்கு வாடகை வீடும் சொந்த வீடும் கிடைப்பதில் உள்ள சிரமத்தை, முஸ்லிம்களின் சமூக நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006லேயே பதிவு செய்து, சமவாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த ஆணையம் இன்னும் வரவில்லை. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று சொன்னது. நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கும் உரிமை 19ஆம் பிரிவில்தான் வருகிறது. இதை வைத்து வாதாட இடமுண்டு, ஆனால் பலகையில் ‘வாடகைக்கு’ என்று பார்த்துப் போன் செய்து, பெயரைச் சொன்னதும் “இப்பதான் முடிஞ்சுது” என்று கேட்டுப் பழகிய குடும்பத்துக்கு அது நாளைக்கே வீடு வாங்கித் தராது. அதனால்தான் உங்கள் முடிவு இவ்வளவு முக்கியமாகிறது. வீட்டுக்காரரான நீங்கள் சம்மதித்துவிட்டதால் சட்டத்தின் பலம் முழுவதும் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.

தண்ணீர் மிரட்டலுக்கு வருவோம். குடிக்கவும் சமைக்கவும் உள்ள தண்ணீர் குறையும்படி வேண்டுமென்றே கேடு செய்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சாமான் லாரியையும் ஆட்களையும் கேட்டில் மறித்தால் 126ஆவது பிரிவு, சட்டவிரோதத் தடுப்பு. இந்த இரண்டு பிரிவுகளையும் செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். வால்வை மூடப் போகும் கை பாதி இடங்களில் அங்கேயே நின்றுவிடும்.

கடிதம் நீளமாக வேண்டாம். கோபமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “என் வீட்டை இன்ன தேதி முதல் வாடகைக்கு விடுகிறேன். குடிவருபவர்களின் பெயர், தொடர்பு எண், வண்டி எண் இத்துடன் உள்ளன. பராமரிப்புத் தொகை வழக்கம்போல் செலுத்தப்படும். பொது விதிகளை அவர்கள் கடைப்பிடிப்பார்கள். மத அடிப்படையில் வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் தீர்மானம் எதுவும் இருந்தால் அதன் நகலையும், அதற்கு அதிகாரம் தரும் துணைவிதியையும் ஏழு நாளில் எழுத்துமூலம் தரவும்.” ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புதல் அட்டையோடு அனுப்புங்கள். ‘முஸ்லிம்களுக்கு இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுக்கப் பலரும் தயங்குவார்கள். தயங்காமல் எழுதிக்கொடுத்தால் அதுவே உங்கள் வழக்கின் முதல் ஆவணம். பராமரிப்புப் பாக்கி ஏதாவது வைத்திருந்தால் கடிதம் போவதற்கு முன் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். சங்கம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அவர்கள் சொல்லும் காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். அசைவ வாடை பிரச்சினையே அல்ல என்பதற்கு உங்கள் பழைய வாடகைதாரரே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு யாருக்கும் மணக்கவில்லை, பெயர் மாறியதும் மணக்கிறது என்றால் காரணம் குழம்பில் இல்லை. பழையவர்கள் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் இது பெரிய சான்று.

பக்ரீத் விஷயத்தில் சட்டம் தெளிவு. 2001ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்பு (இறைச்சிக் கூடங்கள்) விதிகளின்படி நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு வெளியே அறுக்கக்கூடாது. அடுக்குமாடி வளாகத்தில் குர்பானி கொடுக்க எந்த முஸ்லிம் குடும்பமும் கேட்பதை நான் பார்த்ததில்லை, ஜமாஅத் வழியாக வெளியே கொடுத்துவிட்டுக் கறியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அண்டை வீட்டுக்கும் ஒரு பங்கு வரலாம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் குடும்பத்தோடு தொழுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டையே ஊருக்குப் பொதுவான தொழுகைக் கூடமாக மாற்றினால்தான் அனுமதிப் பிரச்சினை வரும். வீட்டை ஜெபக் கூடமாகவோ பஜனை மடமாகவோ மாற்றினாலும் இதே கேள்விதான்.

இரண்டு விஷயங்களை மட்டும் குடிவருவதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. ரமலான் மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்து ஆண்கள் வீடு திரும்ப இரவு பத்தரை, பதினொன்று ஆகலாம். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டும் வழக்கம் இருந்தால், அந்த ஒரு மாதம் வாட்ச்மேனிடம் சொல்லிவைக்கவோ ஒரு சாவி தரவோ கேளுங்கள். விடியற்காலை சஹருக்கு, அதாவது நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் உணவுக்கு, எழுந்து சமைப்பார்கள், மிக்ஸி சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்றால் முந்தைய இரவே அரைத்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மார்கழியில் அதிகாலை நாலரைக்குக் கோலம் போட இறங்குபவர்களுக்கும் சபரிமலைக்குக் கிளம்புபவர்களுக்கும் கேட்டைத் திறந்துவிடும் குடியிருப்பில் இது பெரிய சலுகை ஆகாது.

குரல் பதிவை அழிக்காமல், அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி சேமித்து வையுங்கள். மதங்களுக்கு இடையே பகை மூட்டும் பேச்சு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரியது. புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாக வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன்னனுமதி தேவைப்படும் பிரிவு இது, நாளாகும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாளை அதே லிஃப்ட்டில் ஏறி இறங்கப் போகிறவர்கள் அவர்கள்தான். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு அவர்கள் மனு அனுப்பலாம். ஆணையம் அறிக்கை கேட்டாலே பல சங்கங்கள் இறங்கி வரும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிந்துவிடுங்கள். பதிந்தபின் அவர்களை வெளியேற்ற வேண்டுமென்றால் அந்தச் சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும், சங்கத்துக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை. “சங்கம் ஆட்சேபித்தால் காலி செய்ய வேண்டும்” என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி யாராவது சமாதானம் பேச வருவார்கள். சேர்க்காதீர்கள். அந்த ஒரு வரியால் உங்கள் உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தடுத்தால், வீடு இருக்கும் எல்லைக்குட்பட்ட மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், தீர்மானம் செல்லாது என்று அறிவிக்கவும் நிரந்தரத் தடை கேட்டும் வழக்குப் போடலாம். கூடவே இடைக்காலத் தடை மனுவும் போட வேண்டும், உடனடிப் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. சங்கப் பதிவாளரிடமும் மனு கொடுக்கலாம். அவர் தாமாகவும் விசாரணை நடத்தலாம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனு கொடுத்தாலும் நடத்தலாம். 24 வீட்டில் எட்டுப் பேர். உங்களோடு பேசிப் பழகிய பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்றே போன் செய்து பாருங்கள். செயலாளர் பேசுவதுதான் எல்லாருடைய கருத்தும் என்று நினைத்துவிட வேண்டாம், பல குடியிருப்புகளில் மற்றவர்கள் சும்மா இருப்பதால்தான் இப்படிப்பட்ட முடிவுகள் நிற்கின்றன.

பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டியிருந்தால் முகவரிச் சான்றுக்கு உங்கள் வாடகை ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே சங்கத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.