தொடக்கப் பள்ளி விளையாட்டு விழா, சுற்றுலா, முகாம்: ஆசிரியர்கள் கேட்டவை

எங்கள் மைதானம் 70 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். இதில் நான்கு பாதை டிராக் போட முடியுமா? (தலைமை ஆசிரியர், அரியலூர் மாவட்டம்)

150 மீட்டர் டிராக் தாராளமாகப் போடலாம். பாதை ஒரு மீட்டர் அகலம் போதும். மைதானத்தின் நடுக்கோட்டில் 30.39 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் 14 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போட்டு, இரண்டையும் நேர்கோடுகளால் இணைத்தால் முதல் பாதையின் உட்கோடு கிடைத்துவிடும். ஓட்ட தூரத்தை அந்தக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே தள்ளிக் கணக்கிடுகிறோம். அதாவது 14.20 மீட்டர் ஆரம். இரண்டு வளைவும் சேர்ந்து 89.22, இரண்டு நேர்பகுதியும் சேர்ந்து 60.78, மொத்தம் 150. வெளிக்கோடு வரை 66.4க்கு 36 மீட்டர் இடம் பிடிக்கும்.

அரைவட்டம் நேர்கோட்டைத் தொடும் இடத்தில் மூலைமட்டம் சரியாக இருக்க வேண்டும். 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போட்டுப் பாருங்கள். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், முதல் வளைவும் இரண்டாம் வளைவும் ஒத்துப்போகாது. கம்பியோ இரும்பு டேப்போ வைத்து அளப்பதே நல்லது.

ஒரு சுற்று ஓட்டத்தில் வெளிப்பாதைப் பிள்ளைகளை எவ்வளவு முன்னால் நிறுத்துவது? (இடைநிலை ஆசிரியர், தேனி)

ஒரு மீட்டர் பாதையில், முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு பாதைக்கும் 6.28 மீட்டர் கூடிக்கொண்டே போகும். இரண்டாம் பாதைக்கு 6.28, மூன்றாவதற்கு 12.57, நான்காவதற்கு 18.85. டிராக் 150 ஆனாலும் 200 ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் வித்தியாசம் முழுவதும் வளைவில் இருக்கிறது. அரைச் சுற்று ஓட்டம் என்றால் இதில் பாதி.

பெரும்பாலும் தவறு நடப்பது அளக்கும்போதுதான். தொடக்கக் கோட்டிலிருந்து டேப்பை நேராக இழுத்து 18.85இல் புள்ளி வைத்துவிடுகிறார்கள். புள்ளி விழ வேண்டியது வளைவின் மேல். மேலே சொன்ன டிராக்கில் இப்படி நேராக அளந்தால் நான்காம் பாதைக் குழந்தைக்கு ஒரு மீட்டருக்கு மேல் சலுகை கிடைத்துவிடும். அந்தந்தப் பாதையின் உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே, வளைவோடு டேப்பை வளைத்தே அளக்க வேண்டும்.

கோடு போட சுண்ணாம்புத் தூள் வாங்கலாமா? விலை குறைவு. (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

வேண்டாம். வியர்த்த காலில் எரிச்சல் தரும். விழுந்த குழந்தையின் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். கல்மாவு, அதாவது கோலமாவு வாங்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் விழுந்துவிட்டால் தேய்க்க விடாமல், ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக்கும் 100 மீட்டர் ஓட்டம் வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 30 மீட்டர், மூன்றாம் வகுப்புக்கு 50, நான்கு, ஐந்துக்கு 80 போதும். தூரத்தைவிட முக்கியம், முடிவுக் கோட்டுக்கு அப்பால் குறைந்தது 15 மீட்டர் வெற்றிடம். சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று நிற்கத் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் சுற்றுச்சுவரோ கொடிமரமோ இருந்தால் அங்கேதான் கை முறியும். இடம் இல்லையென்றால் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெற்றிடத்தைக் குறைக்காதீர்கள். சாக்கு ஓட்டத்தை மண் தரையில் மட்டும் வையுங்கள். சிமெண்ட் தளத்தில் விழுந்தால், கை சாக்கைப் பிடித்திருப்பதால் முகம்தான் முதலில் தரையில் படும்.

முதலிடம் யாருக்கு என்று ஒவ்வோர் ஆண்டும் பெற்றோரோடு வாக்குவாதம். (ஆசிரியை, கரூர்)

யாருடைய நடு உடம்பு (தோள் முதல் இடுப்பு வரை) முடிவுக் கோட்டை முதலில் தொடுகிறது என்பதுதான் கணக்கு. தலை, கழுத்து, கை, கால் கணக்கில் வராது. இதை ஓட்டத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள். முதலிடத்துக்கு ஒருவர், இரண்டாமிடத்துக்கு ஒருவர், மூன்றாமிடத்துக்கு ஒருவர் என நடுவர்களைப் பிரித்து, கோட்டுக்கு நேர் பக்கவாட்டில், சில மீட்டர் தள்ளி, ஸ்டூல் மேல் நிறுத்துங்கள். எல்லா நடுவர்களும் எல்லா இடத்தையும் பார்த்தால் ஒருவரும் ஒன்றையும் சரியாகப் பார்க்க மாட்டார்கள். ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர், ஓட்டத்தைத் தொடங்கத் தட்டும் கிளாப்பர் (இரட்டைப் பலகை) மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். சத்தம் 80 மீட்டர் வந்து சேரவே கால் விநாடி ஆகிவிடும்.

காலை உணவு சாப்பிட்டதும் போட்டியைத் தொடங்கலாமா?

பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். அந்த நேரத்தில் கொடியேற்றம், அணிவகுப்பு, எறிபந்து வைத்துக்கொள்ளலாம். ஓட்டங்களைப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள், பிறகு தரைச் சூடு வெறுங்காலைச் சுடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு நீரில் மட்டும் கரையுங்கள். ருசிக்காகக் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு குழந்தை உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

திண்டிவனத்திலிருந்து வேடந்தாங்கல், மாமல்லபுரம், வண்டலூர் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

மூன்றும் வேண்டாம், பிள்ளைகள் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். வேடந்தாங்கலும் மாமல்லபுரமும் போதும். வேடந்தாங்கலுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலையிலேயே போய்ச் சேருங்கள். வண்டலூரை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காமல். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட, தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட பட்டியலைக் கையில் வைத்திருங்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. வரலாறு சொல்வதற்கு முன் அங்கே ஒரு வேலை கொடுங்கள்: பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் அசைய மாட்டார்கள். கடலில் கால் நனைக்கவும் விடாதீர்கள். அந்தக் கரையில் அலை இழுக்கும்.

கூட்டத்தில் பிள்ளைகளைத் தவறவிடாமல் இருக்க? (ஆசிரியர், விழுப்புரம்)

அரசுப் பள்ளிகளுக்குச் சீருடை ஒன்றேதான். சுற்றுலாத் தலத்தில் நான்கு பள்ளிகள் சேர்ந்தால் உங்கள் பிள்ளை வேறு வரிசையில் போய்விடும், மற்றவர் பிள்ளை உங்கள் பஸ்ஸில் ஏறிவிடும். அப்போது தலையை எண்ணினால் எண்ணிக்கை சரியாகவே வரும்! அதனால் பெயர் சொல்லி வருகை எடுங்கள், ஒவ்வொரு முறை பஸ் நகரும் முன்பும். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், இரண்டிரண்டு பேர் ஜோடி, பள்ளிக்கென ஒரு நிற ரிப்பன். அட்டையில் பள்ளிப் பெயரும் ஆசிரியர் கைபேசி எண்ணும் போதும். குழந்தையின் பெயர் வெளியே தெரிய வேண்டாம், அந்நியர் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட இடம் தரும்.

மதியச் சாப்பாடு கெட்டுவிடுகிறது.

தயிர் சாதத்தில் தயிரைக் குறைத்து, காய்ச்சி ஆறவைத்த பாலைக் கூட்டிப் பிசைந்தால் மதியத்துக்குப் பதமாக இருக்கும். புளியோதரை இன்னும் பத்திரம். தேங்காய்ச் சட்டினியை எடுத்துப்போகவே வேண்டாம். சத்துணவு அளவுப்படி தலைக்கு 100 கிராம் அரிசி, ஐம்பது பேருக்கு 5 கிலோ. தண்ணீர் தலைக்கு ஒன்றரை லிட்டர், 20 லிட்டர் கேன் நான்கு.

குருளையர், நீலப் பறவையர் (சாரண இயக்கத்தின் சிறுவர், சிறுமியர் பிரிவுகள்) முகாமில் இரவு தங்க வைக்கலாமா?

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியோடு முடியும் பகல் முகாமே சரி. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு, பெற்றோர் ஒப்புதலோடு, பள்ளிக் கட்டடத்திலேயே ஓர் இரவு. முடிச்சுப் பயிற்சிக்கு ஆளுக்கு இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு கொடுங்கள், நைலான் வழுக்கிக்கொண்டு அவிழும். இரவு பத்தரைக்கு எல்லாரையும் எழுப்பிச் சிறுநீர் கழிக்க அனுப்புங்கள். ஒருவரை மட்டும் எழுப்பினால் காலையில் அந்தக் குழந்தைக்குக் கேலி தொடங்கிவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் அதே நான்கு பிள்ளைகளுக்கே பரிசு போகிறது. என்ன செய்யலாம்? (ஆசிரியை, நாகப்பட்டினம்)

வகுப்பை மட்டும் பார்த்துப் பிரித்தால் அப்படித்தான் ஆகும். ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம், எட்டு வயதில் அது பெரிய வித்தியாசம். பிறந்த மாதப்படி இரண்டு பிரிவாக்குங்கள். ஜூலையிலும் ஜனவரியிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் நின்ற நிலை நீளம் தாண்டுதலை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். தாண்டு கோட்டிலிருந்து, அதற்கு மிக அருகில் பதிந்த குதிகால் தடம் வரை அளவு. அதிகம் முன்னேறியவருக்கு ஒரு பரிசு. சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும் எழுதாமல், ‘ஜூலையில் 98 செ.மீ., ஜனவரியில் 112 செ.மீ.’ என்பது போல அளவை எழுதிக் கொடுங்கள்.