வீட்டிலிருந்து நடத்தும் சிறு வானொலியில் கெட்ட வார்த்தை உள்ள பாடல்களை என்ன செய்வது?

அமெரிக்காவில் உரிமம் தேவைப்படாத சிறிய ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதாகவும், நண்பர்கள் விரும்பிக் கேட்கும் ஹிப்-ஹாப் பாடல்களை வெட்டிப் போடுவதா, ஒதுக்கிவிடுவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் அப்படியொரு நிலையத்தை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்களாக வெட்டாதீர்கள். பாடியவரே வெளியிட்ட வானொலிப் பதிப்பு கிடைத்தால் பகலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் இரவு பத்து மணிக்கு மேல் பாட்டை முழுதாகப் போடுங்கள்.

முதலில் சட்டம். உரிமமில்லாத சிறு டிரான்ஸ்மிட்டர்களுக்கான 'பகுதி 15' என்ற கூட்டரசு விதிப்படி நமக்கு அனுமதிக்கப்பட்ட மின்திறன் 100 மில்லிவாட், ஆன்டெனா 3 மீட்டர். உரிமமே இல்லாதவனை யார் தட்டிக் கேட்கப்போகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆபாசமான, அநாகரிகமான பேச்சைத் தண்டிக்கும் கூட்டரசுச் சட்டப் பிரிவு 1464 'வானொலி வழியாக' என்றுதான் சொல்கிறது. சிறியவர், பெரியவர் என்று பிரிக்கவில்லை. உரிமம் பெற்ற நிலையங்களுக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அநாகரிகச் சொற்களுக்கு விலக்கு உண்டு. நாமும் அதே நேரத்தைக் கடைப்பிடிப்பது நல்லது. சட்டம் ஆபாசம் என்று வரையறுப்பதற்கு மட்டும் எந்நேரத்திலும் இடமில்லை.

அதிகாரி வந்து கதவைத் தட்டுவார் என்று நான் பயமுறுத்தவில்லை. என் அக்கறை கேட்பவரைப் பற்றியது. கைபேசியில் பாட்டுக் கேட்பவர் தானே தேடிப் போய்க் கேட்கிறார். பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறியும் இருக்கிறது. வானொலியைத் திருப்புகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. 1973 அக்டோபரில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் ஜார்ஜ் கார்லினின் கெட்ட வார்த்தைகள் நிறைந்த நகைச்சுவை உரையைப் பிற்பகலில் ஒலிபரப்பியது. காரில் மகனோடு அதைக் கேட்க நேர்ந்த ஒரு தந்தை புகார் செய்தார். 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று, நேயர்கள் நடுவில் வந்து சேர்கிறார்கள், ஆகவே தொடக்கத்தில் தரும் எச்சரிக்கை போதாது என்பது. நம் வானொலி எட்டுவது நாலைந்து தெருக்களுக்குத்தான். ஆனாலும் அங்கே கேட்பவர்கள் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் குடும்பங்கள் அல்லவா?

சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு 2001-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் கே.பி.ஓ.ஓ. என்ற சமுதாய வானொலி, சாரா ஜோன்ஸின் 'யுவர் ரெவல்யூஷன்' என்ற பாடலைப் போட்டதற்கு 7,000 டாலர் அபராதம் விதிக்க அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையம் (எஃப்.சி.சி.) முன்வந்தது. பெண்களை இழிவுபடுத்தும் ராப் வரிகளைக் கண்டிக்கும் பாடல் அது! 2003-ல்தான் ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. கொலராடோவில் இன்னொரு நிலையம் ராப் பாடகர் எமினெமின் பாடல் ஒன்றை வெட்டிய பதிப்பிலேயே போட்டது. அதற்கும் அதே 7,000 டாலர். சொற்களை நீக்கியும் பொருள் அப்படியே இருக்கிறது என்பது ஆணையத்தின் வாதம். 2002-லேயே அதுவும் ரத்தானது.

இது தமிழ்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் பல்லவி முதல் சரணம் வரை இரட்டை அர்த்தத்திலேயே ஓடும் பாடல்கள் நமக்குத் தெரியும். அவற்றை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. எங்கள் தெருவில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவுதான் என்றாலும் அப்படிப்பட்ட பாடல்களையும் நான் பகலில் போடுவதில்லை. ஆகவே அட்டைக் குறிப்பை நம்பாமல், ஒவ்வொரு பாட்டையும் ஹெட்போனில் கடைசி வரை நீங்களே கேளுங்கள். 'சுத்தமான பதிப்பு' என்று பெயரிட்ட கோப்பிலும் பின்னணிக் குரலில் ஒன்றிரண்டு சொற்கள் தப்பிவிடும்.

வெட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பீப் ஒலி, மறைக்க வேண்டிய இடத்தையே விரல் நீட்டிக் காட்டுகிறது. ஒலியை அடக்கினால் தாளம் அறுந்துபோகிறது. ராப் இசைக்கு அதுதான் உயிர். ஸ்டீரியோ ஒலியில் இரு பக்கத்துக்கும் நடுவில் ஒலிக்கும் குரலை நீக்கும் கருவியைப் பயன்படுத்தினால் டிரம்மும் பேஸும் கூடவே போய்விடும். பாடகரின் சொந்தப் பதிப்பில் அந்த இடத்துக்கு அவரே வேறு சொல் எழுதிப் பாடியிருப்பார், அல்லது இசையமைப்பாளர் அதை நேர்த்தியாக நிரப்பியிருப்பார். ஒற்றைப் பாடலாக வரும் 'சிங்கிள்' வெளியீடுகளில் இவை பெரும்பாலும் கிடைக்கும். தேடும் சிரமத்துக்கு அந்தப் பாடல்கள் தகுதியானவை.

பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி மென்பொருளில் இரவு ஃபோல்டர் பத்தரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியட்டும். நீளமான பாட்டு ஒன்று ஆறு மணியைத் தாண்டி ஓடாது. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் நாளில் கணினியின் நேரத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். தொலைபேசியில் விருப்பப் பாடல் கேட்பவர்களை நேரலையில் விடாமல், பதிவு செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.