பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் எத்தனை காலுறை?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போகிறோம். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. பனிச்சறுக்கு விளையாடும்போது இரண்டு ஜோடி காலுறை போட்டுவிட்டால் குளிர் தாங்குமா? பயணத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் பூட் இறுகி ரத்த ஓட்டம் குறையும்; கால் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை வாங்குங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. பேன்ட் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், கணுக்கால் புண்ணாகிவிடும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். பூட் மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விலக வேண்டும். அப்போது குதிகால் மேலெழும்பினால் பூட் பெரிது, மாற்றிக் கேளுங்கள். பிள்ளைகள் வலியைச் சொல்லத் தயங்குவார்கள், நீங்களே கேளுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். பனி கொட்டும் நாளில், குல்மார்க் மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ள தங்மார்க் ஊருக்கு மேலே, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி இல்லாமல் ஏறுவது கடினம். அங்கே வண்டி மாற நேரம் ஒதுக்குங்கள்.