நடுவர் பெனால்டி தராததால் தோற்றோம். முறையிட்டால் பலன் உண்டா?

வலய மட்ட 16 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டத்தில் உங்கள் பையனை கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் தள்ளி விழுத்தினார்கள், விசில் வரவில்லை, 1–0 என்று தோற்றீர்கள். எழுத்தில் கொடுத்தால் ஏதாவது நடக்குமா என்று கேட்கிறீர்கள்.

ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். நேரடியாகவே சொல்கிறேன், நடக்காது. ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி நடுவரின் முடிவே இறுதி என்கிறது உதைபந்தாட்ட விதிகளின் 5ஆம் சட்டம். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கிவிட்டால் அவரே நினைத்தாலும் பின்னால் போய் பெனால்டி கொடுக்க முடியாது. வயது கூடிய பையனை இறக்கினார்கள் என்றால் முறையிடலாம், அது வேறு கதை.

அவர் கண்ணில் படாமல் போனதில் அதிசயமும் இல்லை. பெரிய போட்டிகளில் நடுவர் மூலைக்கு மூலை குறுக்காக ஓடுவார், அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தை லைன்ஸ்மன் பார்ப்பார். நம் மைதானங்களில் பல நேரம் ஒரே ஆள்தான் ஓஃப் சைட்டையும் பார்க்கிறார், பந்து கோட்டைத் தாண்டியதா என்றும் பார்க்கிறார். பின்னேரம் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கினால் கேட்கவே வேண்டாம். அடுத்த கோல் கம்பமே தெரியாது.

2010 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி 2–1 என்று முன்னால் இருந்தபோது இங்கிலாந்தின் ஃப்ராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகக் குத்தி எழும்பியது. டீவி பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை. அந்த அநியாயத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு முழு இரண்டாம் பாதியும் மிச்சம் இருந்தது. லம்பார்டின் ஃப்ரீ கிக் ஒன்று கம்பத்தில் பட்டது. இன்னொன்று ஜேர்மன்காரர்கள் வரிசையாக நின்று கட்டிய சுவரில் பட்டுத் திரும்ப, அதே பந்தை அவர்கள் கொண்டுபோய்க் கோலாக்கினார்கள். கடைசியில் 4–1.

உங்கள் ஆட்டத்திலும் அந்தத் தள்ளலை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். நம் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: பந்து இடது காலுக்கு வருகிறது, கீப்பர் முன்னால் வந்துவிட்டான், கோல் பாதி திறந்து கிடக்கிறது. பையன் அப்படியே தட்டிவிடாமல் வலது காலுக்கு மாற்றப் பார்க்கிறான். அதற்குள் இரண்டு பேர் வந்து விழுந்துவிடுவார்கள், பந்து தேயிலைக்குள் போய்விடும். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்ப்பான். பார்த்தது போதாதென்று அங்கேயே நிற்பான்! விசில் ஊதாதவரை ஆட்டம் ஓடுகிறது, எதிரணி அந்த நேரத்தில்தான் கோல் போடும்.

பயிற்சியில் பெட்டிக்குள் ஒரே தொடுகையில் அடிக்கப் பழக்குங்கள், அதுவும் இடது காலால், ஈரப் பந்தில். அடிபட்டு வெளியே இருக்கும் பையனிடம் கொப்பியைக் கொடுத்து, பெட்டிக்குள் கிடைத்த வாய்ப்புகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அதைக் காட்டினால் நீங்கள் ஏசத் தேவையில்லை, அவனுகளே பேசிக்கொள்வான்கள்.

அப்புறம், கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றால் அடுத்த போட்டிக்கு முன்னால் எழுதுங்கள். விளையாடுகிற இரண்டு பாடசாலையையும் சேராத இரண்டு பேரை லைன்ஸ்மன்களாகப் போடச் சொல்லி.