ஹாரிஸ் கவுண்டியில் வானிலை எப்படி இருக்கும்?

டெக்சாஸில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்குக் குடிபோகிறவர்கள் எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் புழுக்கத்துக்கு. மெக்சிகோ வளைகுடா பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். ஜூலை, ஆகஸ்டில் பகலில் 35 டிகிரி செல்சியஸ். ராத்திரியிலும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கும். வியர்வை காயாது, ஏசி இல்லாமல் முடியாது.

மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 1,250 மி.மீ. மழை எல்லா மாதங்களிலும் பரவிப் பெய்யும். நிலமோ தட்டை, களிமண். பெருமழை பெய்தால் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் சில நாட்களிலேயே சில இடங்களில் 1,000 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அதனால் வீடு பார்க்கும்போது வெள்ள அபாய வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாக அடங்காது, தனியாக எடுக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

குளிர்காலம் மிதமானதுதான். ஆனால் வடக்கே தடுக்க மலை இல்லாததால் குளிர்காற்று திடீரென்று இறங்கிவிடும். 2021 பிப்ரவரியில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போய், மின்சாரம் நின்று, குழாய்கள் வெடித்தன. அப்புறம், மார்ச்சும் அக்டோபர் கடைசியும் அருமையாக இருக்கும். முடிந்தால் அப்போது குடிபோங்கள்.