வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேலை மாற்றலில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறீர்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. போகிற இடத்தில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பல இருக்கின்றன, எல்லாமே ஒரே மாதிரி பேசுகின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?

என் பிள்ளைகள் இருவரும் இந்தப் பாடத்திட்டத்தில்தான் இரண்டு நாடுகளில் படித்தார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்: பள்ளியை மேல் வகுப்பிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். சுற்றிக் காட்டுகிறவர்கள் மழலையர் வகுப்பில் தொடங்கி நீச்சல் குளம், அரங்கம் என்று அழைத்துப் போவார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதோ இயர் 10 முதல் இயர் 13 வரை, அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, அங்கே என்ன நடக்கிறது என்பதை. நாலு வயதுப் பையனுக்குச் சேர்க்கை கேட்கும்போதும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்று பொதுவாகச் சொல்வது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தை. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. இங்கிலாந்தின் திட்டம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இப்போதைய வடிவம் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலுள்ள தனியார் பள்ளி அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று லண்டனிலிருந்து யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் ஒரே பெயரில் இத்தனை தரங்கள். வயதுக் கணக்கு ஆகஸ்ட் 31 வரை. அந்தத் தேதிக்குள் 9 முடித்த பிள்ளை செப்டம்பரில் இயர் 5, 4 முடித்தது ரிசப்ஷன், அதாவது இயர் 1க்கு முந்தைய வகுப்பு. இயர் எண்ணில் ஒன்றைக் கழித்தால் நமக்குப் பழகிய வகுப்பு வந்துவிடும்: இயர் 11 நம் பத்தாம் வகுப்பு, இயர் 13 பிளஸ் டூ.

இயர் 10, 11 இரண்டும் சேர்ந்து, இயர் 11 முடிவில் தேர்வு எழுதும் ஐஜிசிஎஸ்இ என்ற ஒரே இரண்டாண்டுப் படிப்பு. இயர் 12, 13 பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பு. அதனால் பள்ளியைப் பார்க்கும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். மகள் இயர் 5இல் சேர்ந்து மூன்று ஆண்டில் கிளம்பினால் இயர் 7 முடிந்திருக்கும், சிக்கல் இல்லை. ஐந்து ஆண்டு என்றால் இயர் 9 முடிவு, மிக நல்ல இடம். ஆறு ஆண்டு என்றால் இயர் 10 முடிவு; அதைவிட மோசமான நேரம் கிடையாது. கேம்பிரிட்ஜ், பியர்சன் எடெக்ஸெல், ஆக்ஸ்ஃபோர்ட் ஏக்யூஏ என்று தேர்வு வாரியங்கள் தனித்தனி. பாடப்பகுதியின் வரிசை, இலக்கியத்துக்கு வைத்த நூல்கள், வரலாற்றில் எடுத்த காலகட்டம் எல்லாம் பள்ளிக்குப் பள்ளி வேறு. நடுவில் மாறுகிற பிள்ளை பாதி பாடங்களைப் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். பல பள்ளிகள் அந்த வருடத்தில் சேர்க்கவே தயங்கும். ஆறாவது ஆண்டில் மாற்றல் வரக்கூடும் என்று தெரிந்தால், ஏழாவது ஆண்டு வரை இழுக்க முடியுமா என்று நிறுவனத்திடம் இப்போதே பேசிவையுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நிறுவனம் தரும் படி எந்த வயது வரை, எதற்கெல்லாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தேர்வுக் கட்டணம், பேருந்து, சேர்க்கைக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி.

இனி பள்ளியிடம் கேட்க வேண்டியவை. இயர் 9 மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க ஒரு கையேடு கொடுப்பார்கள், ஆப்ஷன்ஸ் புக்லெட் என்பார்கள். விளம்பரப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கேட்டு வாங்கி வீட்டில் நிதானமாகப் படியுங்கள். பள்ளியின் உண்மை நிலை அதில் தெரியும்.

அதில் மூன்று இடங்களை உற்றுப் பாருங்கள். முதலாவது கணிதம். கேம்பிரிட்ஜில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு படிகள். கோர் எழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடைத் தாண்ட முடியாது. எந்தப் பிள்ளை எந்தப் படி என்று யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பெற்றோருக்குச் சொல்வார்களா? நான் பார்த்த ஒரு பள்ளியில் இந்தக் கேள்விக்கு கணிதத் துறைத் தலைவர் உட்கார்ந்து முழுதாக விளக்கினார். இன்னொரு பள்ளியில் 'அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதும்.

இரண்டாவது அறிவியல். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனியாகவா, இரண்டு கிரேடு தரும் சேர்ந்த பாடமா, ஒரே கிரேடு தரும் சுருங்கிய பாடமா? கடைசியில் சொன்னதை எடுத்தவர்களுக்கு ஏ லெவல் அறிவியல் மிகக் கடினம். ஆய்வகத்துக்குள் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ அறிவியலில் பேப்பர் 5 எழுதவைக்கிறீர்களா, பேப்பர் 6 எழுதவைக்கிறீர்களா? 5 என்பது கையால் செய்யும் செய்முறைத் தேர்வு. 6 அதற்கு மாற்றாக எழுதும் தாள். 6 எழுதவைப்பதில் தவறில்லை, நல்ல பள்ளிகளும் அதைச் செய்கின்றன. ஆனால் 6 எழுதவைக்கும் பள்ளி, பிள்ளைகளை வாரந்தோறும் ஆய்வகத்துக்குள் விடுகிறதா என்று பாருங்கள். பின்னால் கேம்பிரிட்ஜ் ஏ லெவல் எடுத்தால் செய்முறைத் தேர்வு ஆய்வகத்தில்தான் நடக்கும்.

மூன்றாவது ஆங்கிலம், முதல் மொழியா இரண்டாம் மொழியா என்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளையை மதிப்பெண்ணுக்காக இரண்டாம் மொழித் தாளில் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சில பல்கலைக்கழகங்கள் அதை அதே மதிப்பில் எடுப்பதில்லை.

பிறகு ஏ லெவல். இங்கே பெரும்பாலும் மூன்றே பாடங்கள்தான், அதனால் ஒரு பாடத்தை விட்டால் ஒரு கதவே அடைபடும். ஓர் உதாரணம்: வேதியியல், உயிரியல், கணிதம் எடுத்த பிள்ளை இங்கிலாந்தில் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதே பிள்ளை இந்தியாவில் நீட் எழுத நினைத்தால் இயற்பியலும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். எங்கே படிக்க வைப்பீர்கள் என்று இப்போது தெரியாமல் இருப்பது இயல்பு. அப்படியானால் நாலு பாடம் எடுக்க இடம் தரும் பள்ளிக்கு மதிப்பு அதிகம். ஒரு பாடத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடத்துவார்கள் என்றும் கேளுங்கள். கையேட்டில் இருபது பாடம் இருக்கும், நடப்பது எட்டாக இருக்கலாம். சில பள்ளிகள் இயர் 11 வரை பிரிட்டிஷ், அதற்கு மேல் ஏ லெவலுக்குப் பதில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) டிப்ளமா. ஆறு பாடம் படிக்க வேண்டிய அந்தப் படிப்பு சிலருக்குப் பொருந்தும், ஆனால் அது வேறு பாதை.

வெளிநாட்டில் பிரிட்டிஷ் பள்ளியில் படித்தால் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணம் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. அது குடியேற்ற நிலையையும் எங்கே வசித்தீர்கள் என்பதையும் பொறுத்தது, பாடத்திட்டத்தைப் பொறுத்தது இல்லை.

தேர்ச்சி விவரங்களைக் காட்டும்போது சதவீதத்தோடு எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் கேளுங்கள். இயர் 12இல் இருந்தவர்களில் எத்தனை பேர் இயர் 13 வரை அங்கேயே இருந்தார்கள் என்பது அதைவிட முக்கியம்.

அங்கீகாரம் பற்றி. 'கேம்பிரிட்ஜ் பள்ளி' என்ற பலகை அந்தத் தேர்வுகளை நடத்த அனுமதி உண்டு என்று மட்டுமே காட்டும். பள்ளி முழுவதையும் பார்த்து மதிப்பிடுவது பிஎஸ்ஓ எனப்படும் பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ் ஆய்வு. இங்கிலாந்துக் கல்வித் துறை ஏற்ற ஆய்வு அமைப்புகள் நேரில் வந்து செய்கின்றன, அறிக்கை பொதுவில் கிடைக்கும். பாராட்டு வரிகளை விட்டுவிட்டு 'மேம்படுத்த வேண்டியவை' என்ற பகுதியைப் படியுங்கள், பிறகு தலைமையாசிரியரிடம் அதில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கோபிஸ் போன்ற, வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகளுக்கான சங்கங்களின் உறுப்புரிமையிலும் பல நிலைகள் உண்டு, எந்த நிலை என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் பழம்பெரும் பள்ளிகளின் பெயரில் நடக்கும் கிளைகளை நடத்துவது பல இடங்களில் வேறொரு நிறுவனம்; பெயருக்கு மயங்காமல் அந்தக் கிளையின் அறிக்கையைப் பாருங்கள்.

ஆசிரியர்கள்தான் பள்ளி. சர்வதேசப் பள்ளிகளில் இரண்டாண்டு ஒப்பந்தம் சகஜம், ஆகவே ஓரளவு வருவதும் போவதும் இருக்கும். போன கல்வியாண்டின் முடிவில் எத்தனை பேர் விலகினார்கள், இயர் 11க்குப் பாடம் எடுத்தவர்களில் எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள். க்யூடிஎஸ் என்ற இங்கிலாந்து ஆசிரியர் தகுதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். சர்வதேச பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு மட்டும் முடித்திருந்தால் அந்தத் தகுதி தானாக வந்துவிடாது.

மகளின் வகுப்பைப் பார்க்கப் போனால் சுவரிலுள்ள படங்களை விட்டுவிட்டு ஒரு எழுத்து நோட்டை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில், ஒரு பத்தியின் கீழே ஆசிரியர் பச்சை மையில் 'அவன் பயந்தான் என்று சொல்லாமல் பயந்ததைக் காட்ட முடியுமா?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அந்தக் குழந்தை ஊதா மையில் அந்த வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி எழுதியிருந்தது. அந்த ஒரு பக்கமே எனக்கு எல்லாம் சொல்லிவிட்டது. வெறும் டிக் அடித்த நோட்டுகள் வரிசையாக வந்தால் யோசியுங்கள்.

சேர்க்கைக்கு பல இடங்களில் கேட்4 என்ற தேர்வு வைப்பார்கள். சொல், எண், வடிவம், இடவுணர்வு என்று சிந்திக்கும் திறனைப் பார்க்கிற தேர்வு, படித்து எழுதுவது இல்லை. டியூஷன் வைத்து மகளைப் பயமுறுத்தாதீர்கள்.

மகன் ரிசப்ஷனில் விளையாடிக்கொண்டே இருப்பான். வீட்டுப்பாடம் இல்லையே என்று கவலை வேண்டாம். அந்த வயதுக்கான திட்டமே விளையாட்டின் வழியாகத்தான் நடக்கிறது. ஃபோனிக்ஸ் முறையில் ஒலிகளைக் கற்று ஒரு வருடத்தில் வாசிக்கத் தொடங்கிவிடுவான். அவனுக்கோ மகளுக்கோ கற்றலில் கூடுதல் உதவி தேவைப்பட்டால் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதுங்கள். அப்போது பள்ளி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

விலகும்போது ஒரு டெர்ம் முன்னறிவிப்பு வழக்கமாகக் கேட்பார்கள், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளிகள் சமமாக நின்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். தினமும் பேருந்தில் போகும் நேரம் தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் போகிறது. எந்த நாடு, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், மகளின் இயர் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.