பிரியாணி மாஸ்டருக்கு வெளிநாட்டு விசா: யார் கொடுப்பார்கள், எப்படித் தேடுவது?

கேள்வி: எனக்கு 28 வயது. ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை. வெங்காயம் உரிப்பதில் தொடங்கினேன்; இப்போது மாஸ்டர் வராத நாளில் 20 கிலோ டேக்சாவுக்கு நானே தம் போடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வேலூரில் ஒரு ஏஜென்ட் 1,60,000 ரூபாய் கேட்கிறார். விசிட் விசாவில் துபாய் போய், அங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர் லண்டன் ரெஸ்டாரன்ட் ஸ்பான்சர்ஷிப் 9 லட்சத்துக்குக் கிடைக்கும் என்கிறார். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். உண்மையிலேயே எந்த நாட்டு ஓட்டல்காரர்கள் ஸ்பான்சர் செய்கிறார்கள்? எப்படித் தேடுவது?

பதில்: தம்பி, நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு பேர் சொன்னதில் ஒன்றுகூட உங்களுக்கு ஆகாது. ஏன் என்று சொல்லிவிட்டு, உங்கள் கைத்தொழிலுக்கு விசா எடுத்துத் தருகிறவர்களை எங்கே பிடிப்பது என்பதற்கு வருகிறேன். மஸ்கட்டில் பதினொரு வருடம் ஓட்டல் சமையலறையில் இருந்தேன். கடைசி நான்கு வருடம் ஊரிலிருந்து ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஆள் தேடுகிற முதலாளி எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்பான்சர்ஷிப் என்பது கடையில் விற்கிற சாமான் இல்லை. "இந்த ஆள் எனக்கு வேண்டும், இவருக்கு நான் பொறுப்பு" என்று ஒரு முதலாளி தன் நாட்டு அரசிடம் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி அது. வளைகுடாவில் அந்த முதலாளியைத்தான் கபில் என்பார்கள். ஆக, முதலில் கிடைக்க வேண்டியது முதலாளி. விசா அவர் பின்னால் வரும். உங்களிடம் பேசிய இருவரும் முதலாளி யார் என்றே சொல்லவில்லை, கவனித்தீர்களா?

லண்டன் கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் தன் திறன் தொழிலாளர் விசாவுக்கான தகுதியைப் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்திவிட்டது. செஃப் வேலை அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஊரிலிருந்து புதிதாகப் போகும் சமையல்காரருக்கு அந்த வழி இன்று இல்லை. 9 லட்சம் கொடுத்தாலும் இல்லை.

துபாய் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. அங்கே போன பிறகு விசா மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முதலாளி கிடைத்து, அவர் அனுமதி வாங்கினால்தான் அது நடக்கும். கிடைக்கும்வரை நீங்கள் சுற்றுலாப் பயணி, கரண்டி பிடித்தால் குற்றம். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். அதனால் நல்ல கடைக்காரர் விசிட் விசாக்காரரை அடுப்படிக்குள் விடமாட்டார். விடுகிற கடைக்காரர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று நீங்களே யோசியுங்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படிப் போய், இரண்டு மாதம் ஒரு பின்கட்டில் பாத்திரம் கழுவி, சம்பளம் வாங்காமல் திரும்பினான். விசா முடிந்தபின் தங்கிய நாட்களுக்கு அபராதமும் கட்டினான். புகார் கொடுக்க அவன் கையில் ஒரு ஒப்பந்தத் தாள்கூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டிலும் வரம்பு இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். மொத்தம் 35,400. ரசீதோடு. 1,60,000 எங்கே, இது எங்கே! அவரிடம் மத்திய அரசின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் உள்ள ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். "நான் சென்னைக் கம்பெனிக்கு சப்-ஏஜென்ட்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று ஒருவரே கிடையாது.

நீங்கள் பத்தாவது தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் வரும். வளைகுடாவின் ஆறு நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளி இ-மைக்ரேட்டில் பதிவு செய்து, சம்பளத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்த அனுமதி கிடைக்கும். கூடவே 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் வரும். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போகிறவருக்கு இதில் எதுவும் இல்லை.

சரி, யார் எடுக்கிறார்கள்?

பிரியாணி மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தந்தூரி மாஸ்டர் ஆகிய மூவரையும் தேடித் தேடி எடுப்பது வளைகுடாவில் தமிழர், மலையாளிகள் நடத்தும் ஓட்டல்கள்தான். உங்களுக்கு முதல் கதவு அது. கத்தாரில் 2021 மார்ச் முதல் எல்லோருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு தராவிட்டால் 300, தங்க இடம் தராவிட்டால் 500 கூடுதலாகத் தர வேண்டும். இது அடிமட்டக் கணக்கு. மாஸ்டர் இதைவிட அதிகம் கேட்க வேண்டும். கத்தார் விசா மையம் சென்னையிலேயே இருக்கிறது. மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும். கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தைப் படித்துப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அந்த முறை பிடிக்கும்.

குவைத் என்றால் விசாவின் எண்ணைப் பாருங்கள். ஓட்டல் வேலைக்கு 18-ஆம் எண் சூன் விசா. வீட்டு வேலைக்கு 20-ஆம் எண் காதிம் விசா. காதிமில் கூட்டிப்போய் ஓட்டலில் நிறுத்துவது பழைய தந்திரம். மாட்டினால் நாடு கடத்துவார்கள். எந்த நாட்டிலும் "ஃப்ரீ விசா, அங்கே போய் விருப்பமான வேலை பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இதே கதைதான். விசாவில் இருக்கும் முதலாளி ஒருவர், வேலை வாங்குபவர் வேறொருவர் என்றால் இருவருமே உங்களுக்குப் பொறுப்பில்லை.

சிங்கப்பூர் வெகுநாள் நம் ஊர்ச் சமையல்காரர்களுக்கு ஒர்க் பெர்மிட் தரவில்லை. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்குத் தருகிறார்கள். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். இந்த வகை ஆட்கள் கடையின் மொத்த ஊழியர்களில் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 25 பேர் வேலை செய்யும் ஓட்டலில் இரண்டு இடம், அவ்வளவுதான். அதனால் அங்கே முதலாளி கைதேர்ந்தவரைத்தான் எடுப்பார். அந்த நாட்டு ஏஜென்ட் உங்களிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். வேலை தருவதற்காக முதலாளியே பணம் கேட்டால் அது அங்கே குற்றம். ஐ.பி.ஏ. என்கிற அனுமதிக் கடிதம் வந்ததும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத் தளத்தில் சரிபாருங்கள்.

கனடாவுக்கு எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதியை முதலாளி வாங்க வேண்டும்; அதன் கட்டணம் 1,000 கனடிய டாலரையும் அவரே கட்ட வேண்டும், உங்களிடம் வசூலிக்கக் கூடாது. குறைந்த சம்பள வேலைகளுக்கு, வேலையின்மை 6 சதவீதத்தைத் தொட்ட பெருநகரங்களில் 2024 செப்டம்பர் முதல் விண்ணப்பத்தையே பெரும்பாலும் எடுப்பதில்லை. உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். ஜப்பானில் உணவகத் தொழிலுக்குத் தனி விசா உண்டு. ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுத வேண்டும், ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மொழி படிக்கப் பொறுமை இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

தேடுவது எப்படி என்றால், நான் எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எங்களிடம் இருந்தவர் சொல்லி வந்தவர்கள். உங்கள் கடையில் உங்களுக்கு முன் வேலை செய்து வெளிநாடு போனவர்கள் இருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அவர்களிடம் "விசா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "உங்க ஓட்டல்ல மாஸ்டர் தேவைப்பட்டா என் வீடியோவைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். முதலாளிக்குப் பிடித்துவிட்டால் அவரே இ-மைக்ரேட்டில் பதிவு செய்து நேரடியாக உங்களை எடுக்கலாம்; இடையில் ஏஜென்டே தேவையில்லை. அப்புறம், 1978-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. அதன் தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

அந்த வீடியோவை நன்றாக எடுங்கள். முகத்தைக் காட்டிப் பேசுவது தேவையில்லை. மசாலா வதக்கும்போது எண்ணெய் பிரியும் பதம், அரிசியை வடிக்கும் நேரம், தம் பிரித்ததும் கரண்டி போட்டு எடுக்கும்போது அரிசி உடையாமல் வருவது, இந்த மூன்றையும் காட்டினால் போதும். தெரிந்தவர் பார்த்ததும் கண்டுகொள்வார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் கற்றது சீரகச் சம்பாவில், விறகு அடுப்பில். அங்கே பெரும்பாலும் பாஸ்மதி, கேஸ் அடுப்பு. ஊறும் நேரம், தண்ணீர்க் கணக்கு, தம்மின் சூடு எல்லாமே மாறும். ட்ரேட் டெஸ்ட் என்கிற கைத்திறன் சோதனையில் நம் பக்கத்துப் பையன்கள் தோற்பது இங்கேதான். நல்ல கை இருந்தும் அரிசியைக் குழைத்துவிட்டு முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். இரண்டு மாதம் ஞாயிறு தோறும் ஐந்து கிலோ பாஸ்மதியில் பழகுங்கள். முடிந்தால் பரோட்டாவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்தவருக்கு முதல் சம்பளமே வேறு.

காகிதத்துக்கு வருவோம். கடை முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்குங்கள். எந்த ஆண்டிலிருந்து, என்ன வேலை, தினம் எத்தனை கிலோ என்று எழுதி, கடையின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கட்டும். சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கியில் வரட்டும். முன்கற்றலை அங்கீகரிக்கும் அரசுத் திட்டத்தில், படிக்காமலே கைத்திறனைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். திருப்பத்தூர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்த தனித்தேர்வர் வாய்ப்பில் பத்தாம் வகுப்பையும் எழுதிவிடுங்கள். சமையல் வேலைக்கு அது அவசியமில்லை என்றாலும் நாளைக்கு மேற்பார்வையாளர் ஆக உதவும்.

பணம் எதுவும் கட்டும் முன் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வளைகுடா மெடிக்கலில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். கடையைவிட்டு நின்று, வீட்டில் விருந்தும் வைத்துவிட்டு, மெடிக்கலில் திரும்பியவர்கள் உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்த வேதனை இல்லை.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலாளி பெயர், விசாவில் உள்ள பெயர் இரண்டும் ஒன்றா, தொழில் "சமையல்காரர்" என்றே இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஊருக்கு வரும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. காப்பீட்டில் வாரிசாக மனைவி பெயரைப் போடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றின் நகலும் ஆம்பூர் வீட்டில் அவரிடம் இருக்கட்டும். கூடவே அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793-ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.